யாரையும் கூப்பிடாத அக்கா

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு என் மகள் நித்யாவுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. அவளோடு போயிருந்த அக்காவுக்குப் போட்டேன். அதே குரல், அதே வாக்கியம். அடுப்பில் பால் வைத்திருந்தேன். அது பொங்கி வழிந்து அடுப்பை அணைத்து, காந்தல் வாசனை கூடம் முழுக்கப் பரவும் வரை நின்ற இடத்திலேயே நின்றேன்.

மூன்று மணிக்கெல்லாம் கரை ஏறிவிடுவோம், கிள்ளை ஸ்டேஷனுக்கு வந்ததும் கூப்பிடுகிறேன் என்று காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பிச்சாவரம் பக்கம் சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போய்ப் பறவைப் படம் எடுப்பதாகத் திட்டம். அவளும் அக்காவும், படகு தள்ள ஒரு அம்மாவும். மூன்று பேர்.

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. இன்றும் கடிகாரம் நான்கைத் தாண்டினால் என் கை போனைத் தேடுகிறது. மகள் பக்கத்து அறையிலேயே லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருப்பாள், அப்போதும் தேடுகிறது. அந்தப் பயத்தை எழுதிவிட்டால் குறையுமோ என்றுதான் உட்கார்ந்தேன். எழுத வந்தால் பயம் ஓர் ஓரமாக ஒதுங்கிக்கொள்ள, வெள்ளை கேன்வாஸ் ஷூவும் வயர் கூடையுமாக அக்கா வந்து நிற்கிறார்.

சிதம்பரம் போகும் காலைப் பாசஞ்சரில் சீசன் டிக்கெட்டில் போய்வருகிற பெண்கள் நாங்கள். நான் திருப்பாதிரிப்புலியூரில் ஏறுவேன். சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை. அக்கா முதுநகரில் ஏறுவார். மேல வீதியில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்துப் பவர் சொல்லுகிற வேலை அவருக்கு. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். தம்பி குடும்பத்தோடு துறைமுகத்துப் பக்கம் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "நான் வேணாம்னு சொல்லல. அது அப்டியே தள்ளிப் போயிடுச்சு, ரயிலு மாதிரி" என்பார்.

பருத்திப் புடவைக்குக் கீழே பள்ளிப் பிள்ளைகள் போடுகிற ஷூ. கழுத்தில் கயிற்றில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. வயர் கூடையில் மேலே டிபன் பாக்ஸ், நடுவில் தண்ணீர் பாட்டில், அடியில் துண்டு சுற்றிய கேமரா. டிபன் பாக்ஸில் எப்போதும் எங்களுக்கும் சேர்த்துச் சுண்டல் இருக்கும். கேமராவைத் துண்டோடு மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஆலப்பாக்கம் தாண்டி உப்பங்கழி வரும்வரை பேச மாட்டார். கழியில் தண்ணீர் இருந்தால் கொக்கு இருக்கும். குளிர் மாதங்களில் பெயர் தெரியாத ஏதேதோ வரும். மூடுபனியில் அவை நிற்பது எனக்கு யாரோ துணி காயப்போட்டு மறந்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். அப்படிச் சொன்னேன் ஒருநாள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "பாரு, உனக்கும் தெரியுது" என்றார்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எடுத்த படம் எதிலும் அவர் பெயர் போட்டுக்கொண்டதில்லை. போடுங்களேன் என்று நான் சொன்னபோது, "கொக்கு அது பேரப் போட்டுக்கல. எனக்கு எதுக்கு?" என்றார்.

என் கண்ணாடிக்குப் பவர் பார்த்தது அவர்தான். கடையின் பின்பக்கம் திரை போட்ட சின்ன இருட்டறை. மூக்கின் மேல் கனமான இரும்பு வளையத்தை மாட்டி, சில்லு சில்லாக மாற்றிப் போட்டுக் கேட்பார். "இப்பத் தெரியுதா? ...இப்ப?"

"தெரியுதுக்கா."

"அவசரப்படாத. நீ எனக்கோசரம் சொல்ற. கண்ணு சொல்லட்டும்."

வெளியில் மூன்று பேர் காத்திருந்தார்கள். கடை முதலாளி திரையை விலக்கி விலக்கிப் பார்த்தார். அக்கா அசையவில்லை. எழுத்து தானாகத் தெளிந்து வரும்வரை, ஏரிக்கரையில் உட்காருகிற மாதிரி, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவசரப்பட்டால் தப்பான பவர் வந்துவிடும், அப்புறம் ஒரு வருடம் தலைவலிதான் என்பது அவர் கட்சி. முதலாளி நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது. "என்னாம்மா, கடைக்கு வர்ற ஆளவிடக் காக்காயத்தான் ஜாஸ்தி பாக்குறீங்களாமே?" என்றார் ஒருநாள், என் எதிரிலேயே. அக்கா சில்லுகளைத் துடைத்துக்கொண்டே, "காக்காய்க்குக் கண்ணாடி தேவப்படல சார். அதான் நிம்மதியாப் பாக்க முடியுது" என்றார்.

கண்ணைத் தெளிவாக்குகிற வேலையில் இருந்த அவருக்கு மங்கலான படங்கள்தான் பிடிக்கும். பெருமாள் ஏரியில் ஒரு பெரிய கூட்டம் எழும்பும்போது எடுத்த படம் ஒன்று இருந்தது. சிறகு எது, தண்ணீர் எது என்று பிரிக்க முடியாது. வெறும் வெளிச்சமும் ஆட்டமும். அதைப் பெரிதாக அச்சுப் போட்டு இருட்டறைக்குள் மாட்டியிருந்தார். "தெளிவா இருக்குறத நாள் பூராப் பாக்குறேன். இது கொஞ்சம் கலங்கலாவே இருக்கட்டும்."

அந்தப் படத்துக்கு ஒரு கதை உண்டு. ஏரிக்கரையில் இன்னும் சிலர் கேமராவோடு நின்றார்களாம். பறவைகள் அசையாமல் இருந்ததில் அலுத்துப்போய் ஒருவர் கையைத் தட்டி, ஹோ என்று கத்தினார். எல்லாம் ஒரே வீச்சில் எழும்பின. அவர்கள் படபடவென்று எடுத்துத் தள்ளினார்கள். அக்கா கேமராவைத் தொடவில்லை. அவர்கள் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அக்கா அங்கேயே உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறி இறங்கியது. சாயங்காலம் அவையே திரும்பி வந்து இறங்கி, எதையோ யோசித்துக்கொண்டு மறுபடி எழும்பின. அப்போது எடுத்தது.

"நாம வான்னு கூப்புட்டா எதுவும் வராது" என்றார். "வந்தாலும் நமக்காக வந்ததாப் பூடும். அதுவா வரணும்."

இது வெறும் பேச்சில்லை. யாரையும் அவர் வா என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. எங்கே போனாலும், போகிறதை மட்டும் சொல்லுவார். "ஞாயித்துக்கெழம நான் வீராணம் போறேன்" என்பார். கேட்கிறவர் அதைச் செய்தியாகவும் எடுத்துக்கொள்ளலாம், அழைப்பாகவும் எடுத்துக்கொள்ளலாம். நான் பல வருடங்கள் செய்தியாகவே எடுத்துக்கொண்டேன்.

பாட்டு சேர்ப்பதும் அப்படித்தான். வண்டியில் மீன்கூடையோடு ஏறும் பெண்களும் பூ கட்டும் பெண்களும் ஊசியில் நூல் கோர்க்கவோ, மீனில் முள் பார்க்கவோ கண்ணைச் சுருக்குவதை அவர் கவனித்துக்கொண்டே இருப்பார். சாயங்காலம் கடைக்கு வந்தால் பவர் பார்த்துத் தருவார். அதற்குப் பதில் ஒரு பாட்டு வேண்டும். நடவுப் பாட்டோ, தாலாட்டோ, எது தெரியுமோ அது.

"யக்கோவ், கண்ணு ரெண்டு இருக்குதே. ரெண்டு பாட்டு கேப்பியா?" என்றாள் பரங்கிப்பேட்டை மீன்காரம்மா.

"மூக்கு ஒண்ணுதான? ஒரு பாட்டு போதும்."

பெட்டியே சிரித்தது. ஆனால் அந்த அம்மா பாடுவதற்கு நான்கு மாதம் ஆயிற்று. அக்கா ஒரு தடவைகூட ஞாபகப்படுத்தவில்லை. கண்ணாடி மாட்டிக்கொண்டு தினமும் எதிரில் உட்கார்ந்து வந்தவள் ஒருநாள் வெள்ளாற்றுப் பாலத்தின்மேல் வண்டி ஏறியதும், யாரையும் பார்க்காமல், தன் கூடைக்குச் சொல்வது போல ஆரம்பித்துவிட்டாள். இரும்புப் பாலத்தின் தடதடப்பும் அவள் குரலும் கீழே அகலமாகக் கிடந்த தண்ணீரும் சேர்ந்து, பாலம் முடியாமலே இருந்தால் தேவலை என்றிருந்தது. அக்கா போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாயை இறுக்க மூடியிருந்தார். பாட்டு பதிவாகும்போது மூச்சுகூட மெதுவாக விடுவார். தலையாட்ட மாட்டார், தாளம் போட மாட்டார், கூடச் சேர்ந்து முணுமுணுக்க மாட்டார். கல் மாதிரி இருப்பார். முடிந்த பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

என் கணவர் இறந்த வருடம் அக்கா என்னிடமும் அப்படித்தான் இருந்தார்.

மாரடைப்பு. அலுவலகத்தில் நாற்காலியிலிருந்து எழுந்தவர் மறுபடி உட்காரவில்லை. எங்களுடையது அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழ் வீட்டிலும் எதிர் வீட்டிலும் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு நேரம். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த என் மாமியார் வீட்டுப் பெண்கள் கட்டிக்கொண்டு ஒப்பாரியை எடுத்தார்கள். இரண்டு அடி ஆவதற்குள் என் கொழுந்தன் கும்பிட்டுக்கொண்டு வந்து, "சத்தம் வேணாம்மா, பக்கத்துல பசங்க படிக்குது" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. குடியிருப்பின் செகரட்டரி வந்து பணிவாகத்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெண்கள் வாயைப் புடவையால் பொத்திக்கொண்டார்கள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. குளிர்பெட்டி முனகிக்கொண்டிருந்த சத்தம் தவிர அன்றைக்கு என் வீட்டில் வேறு சத்தமே இல்லை. நான் அழவில்லை. நித்யாவும் அழவில்லை. அழுதுவிடும்மா, அழுதுவிடு என்று வருகிறவர்கள் எல்லாரும் அந்த ஏரிக்கரை ஆட்கள் மாதிரி என்னைச் சுற்றிக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

பதினாறு முடிந்து மறுபடி வண்டி ஏறிய அன்று அக்கா ஒன்றும் கேட்கவில்லை. தன் ஜன்னலோர இடத்தை விட்டு எழுந்து நின்றார். நான் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அந்த இடம் என்னுடையது. அவர் எதிரில் உட்கார்ந்துகொண்டு என்னைத் தாண்டி உப்பங்கழியைப் பார்ப்பார்.

நித்யா அவரோடு சேர்ந்தது என் புதுக் கண்ணாடியைக் கொடுக்க அவர் எங்கள் வீட்டுக்கு வந்த சாயங்காலத்தில். அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே. அப்பா போன பிறகு அறைக்குள் போனவள் சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே வந்துகொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க வந்தவள், சோபாவில் கிடந்த கேமராவைப் பார்த்து நின்றாள். அக்கா படங்களைக் காட்டவில்லை. துண்டை மட்டும் விலக்கிவிட்டுக் காபியைக் குடித்தார்.

"இதெல்லாம் நீங்க எடுத்ததா ஆன்ட்டி?"

"ஆமா. ஞாயித்துக்கெழம ஆறு மணி வண்டிக்குப் புதுச்சத்திரம் போறேன்."

அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை விடியலில் நித்யா ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு என் ஞாயிறுகள் நாசமாயின. அவள் முகத்தில் வெயில் ஏறியது, சாப்பாடு இறங்கியது, எல்லாம் சரி. ஆனால் ஏரியும் ஆறும் கழியுமாக அலைகிற பெண்ணை நினைத்தால் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. மணிக்கு ஒரு தடவை கூப்பிடுவேன். குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு கிராமத்தில் வயதான அம்மா ஒருவர் தாலாட்டு சொல்லிக்கொண்டிருந்தபோதும் கூப்பிட்டேன். பதிவாகிக்கொண்டிருந்தது நித்யாவின் போனில். மணி அடித்துப் பாட்டு பாதியில் நின்றுவிட்டது. அந்த அம்மா மறுபடி பாட மறுத்துவிட்டார். பிள்ளைக்குச் சொல்கிற பாட்டு நடுவில் அறுந்தால் அதே நாளில் ஒட்டக்கூடாதாம். அடுத்த வாரம் போனபோது அவர் மகன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

"உன் போனால ஒரு பாட்டு செத்துப்போச்சும்மா" என்றாள் நித்யா.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. பதிவு செய்கிற நேரத்தில் இரண்டு போனும் ஃப்ளைட் மோடில் இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அது எனக்கு ஞாபகம் வரத்தான் செய்தது. ஆனால் படம் எடுக்கப் போகிறோம் என்றுதானே சொன்னார்கள், பாட்டு என்று சொல்லவில்லையே. நான்கே முக்கால் வரைக்கும் இரண்டு எண்களையும் மாற்றி மாற்றிப் போட்டேன். பிறகு அவர்களைக் கிள்ளையிலிருந்து கரைக்குக் கொண்டுபோய் விட்ட ஆட்டோக்காரரைப் பிடித்தேன். அவர் எண்ணை நித்யா காலையிலேயே எனக்கு அனுப்பியிருந்தாள்.

"கரையிலதான்மா எறக்கி விட்டேன். மூணு மணிக்கு வரச் சொன்னாங்க, வந்தேன், யாரையும் காணம். அங்கதான் நிக்கிறேன். வத்தம் வந்துடுச்சும்மா. தண்ணி எறங்கிடுச்சு. படகு எங்கனா சேத்துல ஒக்காந்திருக்கும். பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்று சொன்னால் யார் பயப்படாமல் இருப்பார்கள்? கொழுந்தனைக் கூப்பிட்டேன். அவர் வீடு இரண்டு தெரு தள்ளி. காரை எடுத்துக்கொண்டு வந்தார். ஆலப்பாக்கம் தாண்டும்போது ஆட்டோக்காரர் மறுபடி கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

"யம்மா... நண்டு புடிக்கிறவரு ஒருத்தரு இப்பத்தான் நடந்து வந்தாரு. உள்ள சுரபுன்னைக்குள்ள பொம்பளைங்க அழுவுற சத்தம் கேக்குதாம்."

"அழுவுறாங்களா?"

"ஒப்பாரிம்மா. ஒப்பாரி வைக்கிறாங்களாம்." பக்கத்தில் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார். "மூணு பேருதான போனாங்க? ரெண்டு கொரலுதான் கேக்குதுன்றாரு."

கொழுந்தனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். காரின் வேகம் குறைந்தது, பிறகு கூடியது. புதுச்சத்திரம், முட்லூர் எல்லாம் எப்போது போயின என்று தெரியவில்லை. வெள்ளாற்றில் சாயங்கால வெயில் தகடு மாதிரிக் கிடந்தது. அழகாக இருந்தது. அழகாக இருக்கிறதே என்று நினைத்ததும் முகத்தை ஜன்னலிலிருந்து திருப்பிக்கொண்டேன். மூன்றில் ஒன்றைக் கழித்துக் கழித்து மனம் ஓயவில்லை. எந்தக் குரல் இல்லை?

"அண்ணி, ஒண்ணும் ஆயிருக்காது" என்றார் கொழுந்தன். சற்றுப் பொறுத்து, "அண்ணி, எதுனா பேசுங்க" என்றார். நான் மறுபடி நித்யாவின் எண்ணைப் போட்டேன்.

கரை என்றால் படித்துறையெல்லாம் இல்லை. பனைமரத் துண்டு இரண்டைப் போட்டு வைத்திருந்தார்கள். அதன் கீழ் சேறு மினுமினுத்தது. சேற்றுக்கு நடுவில் கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நெளிந்து நெளிந்து காட்டுக்குள் போனது. நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நண்டுக்காரர் தலையில் துண்டோடு குந்தியிருந்தார். நான் சேற்றில் காலை வைக்கப் போனேன். அவர் எட்டிப் புடவைத் தலைப்பைப் பிடித்துவிட்டார்.

"தொட வரைக்கும் உள்ள இழுக்கும்மா. ஆளு போனா ஆளு மாட்டிக்கும். ஏத்தம் வரட்டும். தண்ணி ஏறுனா படகு தன்னால வரும்."

"எப்ப ஏறும்?"

"ஏறும்."

அப்போதுதான் எனக்கும் கேட்டது. காற்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தபோது மட்டும் வந்தது, நின்றது. ஒரு வயதான குரல் முன்னால் போக, இன்னொரு குரல் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தது. பின்னால் வந்தது என் மகள். எந்தக் காட்டுக்குள்ளிருந்து வந்தாலும் எனக்குத் தெரியும். அப்பாடா என்று மூச்சு வந்தது. அந்த மூச்சு முடிவதற்குள் புரிந்தது, முன்னால் போனது அக்கா குரல் இல்லை. அப்படியானால் இல்லாத குரல் அக்காவுடையது. துண்டு சுற்றிய கேமராவும் வெள்ளை ஷூவும் கண்முன் வந்தன. நான் கொழுந்தனின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இருங்க அண்ணி. என்னா பாடுதுங்கன்னு கேளுங்க."

காற்று திரும்பியது.

*கொடியில வேட்டி காயுதே – அதக்*
*கட்டுற ஆளக் காணலியே,*
*படியில செருப்பு கெடக்குதே – என்னப்*
*பெத்தவரு போன தடத்தக் காணலியே...*

வேட்டி. பெத்தவர். செத்தது ஆண்பிள்ளை.

கொழுந்தன் பனந்துண்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். "அண்ணனுக்குப் பாடுதுங்க அண்ணி" என்றார். அன்றைக்குக் கும்பிட்டுக்கொண்டு சத்தம் வேண்டாம் என்று சொன்ன அதே இரண்டு கைகளால் முகத்தை மூடிக்கொண்டார்.

மூன்றாவது குரல் ஏன் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பாட்டு பதிவாகிக்கொண்டிருக்கிறது. அக்கா போனைப் பிடித்துக்கொண்டு வாயை இறுக்க மூடியிருக்கிறார்.

நண்டுக்காரர் எழுந்து வந்து, "அஞ்சல கொரலு மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அது சாவு விழுந்தாத்தான் வாயத் தொறக்கும். அதான் ஆட்டோக்காரருகிட்ட அப்டிச் சொல்லிட்டேன்" என்று தலையைச் சொறிந்தார். அஞ்சலை, படகு தள்ளிப் போன அம்மா. காட்டுக்குள் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறவள். தில்லை மரத்துப் பால் கண்ணில் தெறித்து, எரிச்சலோடு அக்காவின் கடைக்கு வந்தவள். அக்கா அவளைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போனார், பிறகு கண்ணாடியும் போட்டுக் கொடுத்தார். பாட்டுக் கடன் பாக்கி. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். அவளுக்குத் தெரிந்தது ஒப்பாரி ஒன்றுதான் என்பது தெரியாது. வீட்டில் பாடினால் வீட்டுக்கு ஆகாது, கடையில் பாடினால் கடைக்கு ஆகாது, தண்ணீர்மேல் என்றால் பாடுகிறேன், தண்ணீர் எதையும் வைத்துக்கொள்ளாது என்று அவள் சொன்னாளாம். அதைக் கேட்டதும் நித்யா, எங்க அப்பாவுக்கு யாரும் பாடலை என்றாளாம். இதைப் பிறகு சொன்னார்கள். என்னிடம் சொன்னால் விட மாட்டேன் என்று படம் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்றைக்குக் கரையில் நின்றபோது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என்னால் செய்யக்கூடியது எதுவுமே இல்லை. போனைப் பைக்குள் போட்டேன். கொழுந்தன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அக்கா உட்காருவது மாதிரி உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன். வக்கா நாரைகள் ஒவ்வொன்றாக வந்து எதிர்மரத்தில் அடைந்தன. வானம் மஞ்சளாகி, செம்மண் நிறமாகி, பிறகு பெயரில்லாத ஏதோ நிறமாகியது. சேற்றில் சின்னச் சின்ன ஓட்டைகளிலிருந்து நண்டுகள் எட்டிப் பார்த்தன. ஒவ்வொரு ஓட்டையிலும் மெதுவாகத் தண்ணீர் ஊறியது. நடுவில் நெளிந்த கோடு அகலமாயிற்று. பனந்துண்டின் நுனி நனைந்தது. பாட்டு எப்போது நின்றது என்று தெரியவில்லை. நின்ற பிறகும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அக்கா இப்போது அந்த வண்டியில் வருவதில்லை. கடையை முதலாளியின் மகன் எடுத்துக்கொண்ட பிறகு பண்ருட்டியில் வேறு கடைக்குப் போய்விட்டார். போன் செய்தால் பாதி நாள் கிடைக்க மாட்டார். எங்கேயோ ஏதோ பாடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வேன். அவராகக் கூப்பிடுவார். ஜன்னலோர இடத்தில் நான்தான் உட்காருகிறேன். போன மாதம் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஏறினாள், முகமெல்லாம் வீங்கியிருந்தது. நான் எழுந்து நின்றேன். அவள் உட்கார்ந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்றைக்குப் படகு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். முதலில் படகு தள்ளும் கழி தண்ணீரில் குத்தும் சத்தம், பிறகு ஒரு கறுப்பு உருவம், அதற்குள் மூன்று தலைகள். மூன்று. நண்டுக்காரர் டார்ச்சை அடித்தார். நித்யா முழங்கால் வரை சேறோடு குதித்து ஓடி வந்தாள்.

"யம்மா! நீ எங்க இங்க? சித்தப்பா, நீங்களுமா? ஐயோ, போனு ஃப்ளைட் மோடுலயே இருந்துச்சும்மா. அப்புறம் சார்ஜே போயிடுச்சு."

அவளை அடிக்கத்தான் கையை ஓங்கினேன். கை அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. அவள் உடம்பு சூடாக இருந்தது. சேற்று வாசனையும் உப்பு வாசனையும் அடித்தது. முகத்தைத் தொட்டுப் பார்த்தேன். அழுது முடித்த முகம். அப்பா போன நாளில் நான் பார்த்திருக்க வேண்டிய முகம். கொழுந்தன் அவளை வாங்கித் தோளோடு சேர்த்துக்கொண்டு ஆட்டோ நின்ற பக்கம் நடத்திக்கொண்டு போனார்.

அஞ்சலை படகை விட்டு இறங்கவில்லை. கழியை ஊன்றிப் பிடித்துக்கொண்டு, புதுக் கண்ணாடி வழியாக என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதானா அந்தப் பொண்ணோட ஆத்தா? பொண்ணு பாட வேண்டியத பொண்ணு பாடிடுச்சு. பொண்டாட்டி பாட வேண்டியது பாக்கி கெடக்குது. கரையில பாடக்கூடாது. ரெண்டு ஆளு நீளம் தள்ளித் தண்ணியில நிறுத்துறேன். அதுக்கு மேல உன் இஷ்டம்."

எனக்குப் பாட வராது என்று சொல்ல நினைத்தேன். இருட்டிவிட்டது என்று சொல்ல நினைத்தேன். காலையில் வேலைக்குப் போக வேண்டும் என்றுகூடச் சொல்லத் தோன்றியது. படகின் நடுப்பலகையில் அக்கா உட்கார்ந்திருந்தார். வெள்ளை ஷூ இரண்டும் மடியில், கேமராவுக்குப் பக்கத்தில். அவர் எதுவும் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். நான் வீட்டுக்குப் போனாலும் சரி, நின்றாலும் சரி, நாளைக் காலையில் எதிரில் உட்கார்ந்து உப்பங்கழியைப் பார்ப்பார்.

அக்கா ஷூவையும் கேமராவையும் தூக்கிப் பின்பலகையில் வைத்தார். பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு நகர்ந்துகொண்டார். கையை என் பக்கம் நீட்டி, இத்தனை வருடத்தில் ஒரு கொக்கிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னார்.

"வா."